உப்புத் தண்ணியில ஒரு பித்தளை ரீல்

இந்த வாரம் பேசப் போற சாமான் இப்போ என் மேசை மேலயே இருக்கு. உள்ளங்கையில அடங்குற ஒரு பித்தளை ரீல். தூண்டில் நூல் சுத்துற ரீல். குறுக்களவு ரெண்டரை அங்குலம். கையில எடுத்தா அளவுக்கு மீறின கனம்.

இது வந்த கதையை முதல்ல சொல்லிடறேன். அரியாங்குப்பத்துல இருந்து ஒரு அண்ணன், நம்ம நிகழ்ச்சியை ரெகுலரா கேக்குறவரு, போன மாசம் போன் பண்ணாரு. "சார், எங்க வீட்ல ஒரு பழைய சாமான் இருக்கு. அதால எங்க குடும்பத்துக்கு ஒரு பேரே இருக்கு. 'ரீலு வீடு'ன்னு சொல்வாங்க" அப்படின்னாரு. அவரோட கொள்ளுத்தாத்தா படகுல துடுப்பு போட்டவரு. துரைமாரை ஏத்திக்கிட்டு ஆத்துல, கழிமுகத்துல மீன்பிடிக்கக் கூட்டிட்டுப் போவாராம். அந்தத் துரைகள்ல ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது இந்த ரீலைக் கையில குடுத்துட்டுப் போனாருங்கறது வீட்டுக் கதை. ஊர்க் கதை வேற. "குடுக்கல, இவரா எடுத்துக்கிட்டாரு." அவரு சின்னப் பையனா இருக்கும்போது ஸ்கூல்ல, "ரீலு வீட்டுப் பையன் ரீல் விடறான் பாரு"ன்னு கேலி பண்ணுவாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா கடைசியில குரல் மாறிடுச்சு. "நீங்க சரித்திரம் பேசுறவரு. பாத்துச் சொல்லுங்க. குடுத்ததா, எடுத்ததா?"

பித்தளையைப் பாத்து அதைச் சொல்ல முடியுமா? முடியாதுன்னுதான் முதல்ல நினைச்சேன். இப்பவும் நேரடியா முடியாது. ஆனா கேள்வியே தப்பா இருக்கலாம்னு இப்போ தோணுது. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ரீல்னா என்ன, அது உப்புத் தண்ணிக்கு எப்படி வந்துச்சுன்னு பேசணும்.

ரீல் ஐரோப்பாக்காரங்க கண்டுபிடிப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சீனாவுல சோங் வம்சத்து ஓவியர் மா யுவான் 1195 வாக்கில வரைஞ்ச ஒரு படம் இருக்கு. குளிர்கால ஏரி, ஒரு சின்னப் படகு, தனியா ஒரு ஆள், கையில கழி, கழியில ஒரு சக்கரம். இங்கிலாந்துல இந்தச் சாமான் புத்தகத்துல எட்டிப் பாக்குறது 1650களில்தான். 18-ஆம் நூற்றாண்டு நடுவுல லண்டன்ல உஸ்டன்சன்னு ஒரு கடைக்காரர் பல்சக்கரம் வச்ச ரீலே வித்தாரு. கைப்பிடியை ஒரு தடவை சுத்தினா உருளை பல தடவை சுத்தும். நல்ல யோசனைதான், ஆனா அந்தக் காலத்துப் பித்தளைப் பல்லு பெரிய மீன் இழுத்தா தேஞ்சு போயிடும். அதனால இங்கிலாந்துக்காரங்க அதைக் கைவிட்டுட்டு, கைப்பிடி ஒரு சுத்து, உருளை ஒரு சுத்துங்கற எளிய ரீலுக்கே திரும்பிட்டாங்க. அதே பல்சக்கர யோசனையை அமெரிக்காவுல, கெண்டக்கியில பாரிஸ்ங்கற ஊர்ல, ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு கடிகாரக்காரர் 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஒழுங்காச் செஞ்சாரு. கடிகாரப் பல்லு வெட்டத் தெரிஞ்ச கைக்குத்தான் அது சாத்தியமாச்சு.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல தண்ணி. ஆறு, ஏரி. கடல்ல ரெண்டு தொல்லை கூடுது. ஒண்ணு உப்பு. இன்னொண்ணு மீனோட பலம்.

உப்பைப் பத்திக் கடலோரத்து ஆளுங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். உங்க வீட்டு ஜன்னல் கம்பியைப் பாத்தாலே தெரியும். பித்தளை துருப்பிடிக்காதுன்னு சொல்வோம். ஆனா உப்புத் தண்ணி பித்தளையில இருக்குற துத்தநாகத்தை மெதுவா உறிஞ்சிடும். மிச்சம் இருக்குறது செம்பு நிறத்துல பொறபொறன்னு நிக்கும். அதோட பித்தளைக்குள்ள எஃகு ஸ்பிரிங், எஃகு திருகாணி வச்சா இன்னும் மோசம். ரெண்டு உலோகம், நடுவுல உப்புத் தண்ணி: ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செஞ்சு எஃகைத் தின்னுடும். அதனால கடல் ரீல் செய்யறவங்க வேற பொருளைத் தேடினாங்க. நியூயார்க்ல எட்வர்டு வாம் ஹோஃபே, ஜூலியஸ் வாம் ஹோஃபே ரெண்டு பேரும் இதுல பெரிய பேரு. பக்கத்தட்டு ரெண்டும் எபனைட், அதாவது கந்தகம் சேத்துக் கெட்டியாக்கின கறுப்பு ரப்பர். விளிம்பும் மத்த உலோகமும் ஜெர்மன் சில்வர். ஆமாங்க, கல்யாணத்துல, நவராத்திரி கொலுவுல ரிட்டர்ன் கிஃப்டா தாம்பாளம் குங்குமச்சிமிழ் குடுக்குறாங்களே, அதே பேருதான். வெள்ளி அதுல பேருக்குக் கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் சேர்ந்ததால உப்பைக் கொஞ்சம் தாங்கும்.

இங்கிலாந்துல வேற வழி. நாட்டிங்காம் ஊர்ல மரத்துல ரீல் கடைஞ்சாங்க. வால்நட் மரம், நடுவுல பித்தளை. ரொம்ப லேசாச் சுத்தும். கடலுக்கு எடுத்துட்டுப் போக அதையே பெருசாக்கினது ஸ்கார்பரோ ரீல். மரம் நனைஞ்சா உப்பும், காஞ்சா வளையும்ல? அதுக்காகப் பின்பக்கத்துல நட்சத்திரம் மாதிரியோ சிலுவை மாதிரியோ பித்தளைப் பட்டை வச்சு இறுக்கினாங்க. பழைய சாமான் கடையில மர ரீல் பாத்தா பின்னாடி திருப்பிப் பாருங்க, அந்தப் பட்டை இருக்கும்.

அடுத்தது மீனோட பலம். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் கட்டிஹங்க்னு ஒரு தீவு. 1860களில் நியூயார்க் பணக்காரங்க அங்க ஒரு கிளப் கட்டினாங்க. கரையோரப் பாறைகள் மேல மரத்துல மேடை போட்டு, அதுல நின்னு அலைக்குள்ள தூண்டில் வீசி, கோடு போட்ட பாஸ் மீன் பிடிப்பாங்க. இரை என்ன தெரியுமா? சிங்கி இறால். அந்த இரையை வெட்டறது, முள்ளுல கோக்குறது, மீனை வரவழைக்கத் தண்ணியில துண்டு துண்டா வீசறது எல்லாம் கூலிக்கு வர்ற உள்ளூர் ஆளோட வேலை. மீன் மாட்டினா பேரு கிளப் மெம்பருக்கு. கிளப் புத்தகத்துல எடை எழுதுவாங்க, மெம்பர் பேரு எழுதுவாங்க. அரியாங்குப்பத்துக் கொள்ளுத்தாத்தாவோட உறவுக்காரங்க அங்கயும் இருந்திருக்காங்கன்னு சொல்லத் தோணுது.

அப்புறம் 1885. ஃபுளோரிடாவுல டபிள்யூ. எச். வுட்னு ஒருத்தர் 93 பவுண்டு, அதாவது சுமார் 42 கிலோ டார்பன் மீனைக் கழியிலயும் ரீல்லயும் பிடிச்சாருன்னு பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. அதுவரைக்கும் டார்பனை ஈட்டியாலதான் குத்துவாங்க. டார்பன்னா நமக்கு அந்நியமில்ல. அதோட சின்னத் தம்பி நம்ம கழிமுகத்துல இருக்கு. மொரங்கெண்டைன்னு சொல்றோமே, அதே குடும்பம். அதே மாதிரி வெள்ளிச் செதிள், அதே மாதிரி துள்ளல், அதே மாதிரி முள்ளு. 1898-ல கலிஃபோர்னியாவுக்குப் பக்கத்துல கேட்டலினா தீவுல சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு சூரை பிடிச்சாரு. அந்த வருஷமே அங்க டியூனா கிளப் ஆரம்பிச்சாங்க.

இதையெல்லாம் எப்படிப்பட்ட ரீல்ல பிடிச்சாங்கன்னு நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு ரீல்ல 'டிராக்' இருக்கு. மீன் இழுத்தா உள்ள இருக்குற வட்டுகள் வழுக்கி, நூலை அளந்து விடும். கைப்பிடி சும்மா நிக்கும். அன்னைக்கு மீன் ஓடினா உருளையோட சேர்ந்து கைப்பிடியும் பின்னாடி சுத்தும். அது சுத்துற வேகத்துல விரல் மாட்டினா விரல் போச்சு. பிரேக் எதுன்னா உங்க கட்டைவிரல். உருளை மேல ஒரு தோல் பட்டையைத் தொங்கவிட்டு, அது மேல கட்டைவிரலை அழுத்தணும். சிலபேர் கட்டைவிரலுக்குத் துணியில உறை பின்னிப் போட்டுக்குவாங்க. உள்ளுக்குள்ள வட்டு அடுக்கி, நட்சத்திர வடிவத் திருகால இறுக்குற ரீல் ஒழுங்கா வந்தது 1913 வாக்கில. வில்லியம் போஷன்கறவரு சொன்ன யோசனையை ஜூலியஸ் வாம் ஹோஃபே செஞ்சு குடுத்தாரு. அதை வச்சு போஷன் அந்த வருஷம் 355 பவுண்டு வாள்மீன் பிடிச்சாரு. அதனால 19-ஆம் நூற்றாண்டு கடல் ரீல்னா அதுக்குள்ள பாதி இயந்திரம், பாதி மனுஷத் தோலு.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

கோரமண்டல் கரையில ரீல் இல்லாமலே இதே கணக்கைப் போட்டு முடிச்சவங்க இருந்தாங்க. கட்டுமரத்துல போய்க் கைத்தூண்டில்ல வஞ்சரமும் காலாவும் பிடிக்கிறவங்க. நூல் எவ்வளவு விடணும், எப்ப இறுக்கணும்னு அவங்க விரல் சொல்லும். ரொம்ப முரண்டு பிடிக்கிற மீன் மாட்டினா கட்டுமரத்தையே இழுத்துக்கிட்டுப் போகும். அப்போ மொத்த மரமும் ஒரு பிரேக் ஆகிடுது. போஷன் வட்டு அடுக்கிச் செஞ்சதைக் கட்டுமரம் தண்ணியில உராஞ்சே செஞ்சுடுது. இதை நான் பெருமைக்குச் சொல்லல. கையில நூல் அறுத்த தழும்பு இல்லாத பழைய தூண்டில்காரரை நான் பாத்ததில்ல. ரீல் இல்லாததுக்கு அவங்க குடுத்த விலை அது.

நூல் விஷயத்துல ரெண்டு பக்கமும் ஒரே கவலை. அமெரிக்கக் கடல் தூண்டில்காரங்க சணல் மாதிரி ஆளி நார்ல திரிச்ச லினன் நூல் வச்சிருந்தாங்க. அதுக்குப் பேரே கட்டிஹங்க் நூல். நனைஞ்சா பலம் கூடும், அது அந்த நாரோட குணம். ஆனா ஈரத்தோட விட்டா ரெண்டு நாள்ல மக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் மொத்த நூலையும் அவுத்து, ஒரு பெரிய மரச்சக்கரத்துல சுத்திக் காயவைக்கணும். நம்ம ஆளுங்க பருத்தி நூலையும் வலையையும் மரப்பட்டைக் கஷாயத்துலயும் பனிச்சங்காய்ச் சாத்துலயும் ஊறப்போட்டுத் துவர் ஏத்துனாங்க. மணல்ல விரிச்சுக் காயவச்சாங்க. நைலான் வர்ற வரைக்கும் கடற்கரையில பாதி வேலை காயவைக்கிற வேலைதான். இந்தக் கரையோட மீன்பிடி முறைகளையெல்லாம் ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாண மீன்வளத் துறையில இயக்குநரா இருந்தவரு, 1920களில் விரிவா எழுதி வச்சிருக்காரு. படிக்க முடிஞ்சா படிங்க.

சரி, துரைமாருங்க இங்க ரீலோட வந்தாங்களா? வந்தாங்க. அதுல முக்கியமான ஆளு ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ். தென் கன்னடத்துல கலெக்டரா இருந்தவரு. அவரு எழுதின 'தி ராட் இன் இந்தியா', அதாவது 'இந்தியாவில் தூண்டில்', 1873-ல மங்களூர்ல பாசல் மிஷன் வெளியீடா வந்துச்சு. அதோட திருத்தின பதிப்புகள் பின்னாடி லண்டன்ல வந்துச்சு. அந்தப் புத்தகத்தோட கதாநாயகன் மலை ஆத்து மஹ்சீர், நம்ம பொம்மீன் குடும்பம். ஆனா கழிமுகத்துல தூண்டில் போடறதைப் பத்தியும் எழுதியிருக்காரு. நாடு விட்டு நாடு வந்த அதிகாரிக்கு எந்த முள்ளு, எவ்வளவு நூல், எப்படிப்பட்ட வின்ச்னு சொல்லிக் குடுக்குற புத்தகம். ரீலை அன்னைக்கு இங்கிலாந்துக்காரங்க வின்ச்னுதான் பெரும்பாலும் சொன்னாங்க.

அவங்க ஏன் கழிமுகத்தோட நின்னாங்க? நம்ம கரையோட அலைதான் காரணம். புதுச்சேரிக்கு அன்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். ஆளும் சரக்கும் சலங்குப் படகுல வரணும். கடலுக்குள்ள நடந்துபோக ஒரு இரும்புப் பாலமே புதுச்சேரியில 1866-லதான் வந்துச்சு. 1952 புயல்ல அது போச்சு. தூண் மட்டும் இன்னும் நிக்குது. கட்டுமரமோ மூணு நாலு மரத்தைச் சேத்துக் கட்டினது. தண்ணி உள்ள வரும், வெளிய போகும். அதுல பூட்ஸ் போட்டுக்கிட்டு, பித்தளை ரீலை மடியில வச்சுக்கிட்டு ஒரு துரை உக்காந்திருக்குறதை நினைச்சுப் பாருங்க. அவருக்கு ஏத்த இடம் அமைதியான உப்புத் தண்ணி. நம்ம அரியாங்குப்பம் ஆறு மாதிரி. சங்கராபரணியோட கிளை அது. தேங்காய்த்திட்டு, அரிக்கமேட்டுத் தோப்பு வழியாப் போய் வீராம்பட்டினம் பக்கம் கடலைத் தொடுது. கொடுவா, செப்பிலி, கிழங்கான் எல்லாம் அலையோட ஏறி வர்ற இடம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோம் நாட்டு ஜாடி வந்து இறங்குன அதே கரை.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. பாரிஸ்ல குவியேவும் வாலென்சியனும் சேர்ந்து 1828-ல இருந்து 22 தொகுதியா ஒரு மீன் களஞ்சியம் கொண்டுவந்தாங்க. அதுக்குப் புதுச்சேரியில இருந்து மீன் அனுப்பினவரு லெஷெனோ தெ லா தூர். அரசரோட இயற்கையியலாளரா 1816-ல இங்க வந்தவரு. தாவரவியல் பூங்காவோடவும் அவரு பேரு சேர்ந்தே வரும். அந்தப் புத்தகத்துல நம்ம கிழங்கானுக்குப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க வச்ச பேரு பதிவாகியிருக்கு: 'பெஷ் பிக்கூ'. பெஷ்ங்கறது பிரெஞ்சுல மீன்பிடிக்கிறதைக் குறிக்கும், மீனைக் குறிக்காது. போர்த்துகீசியத்துல மீனுக்குப் பெய்ஷ், கூர்மூக்குக்கு பிக்கூடு. அந்தச் சந்தைப் பேச்சுதான் பிரெஞ்சு வேஷம் கட்டிக்கிச்சுன்னு நான் நினைக்கிறேன். அதுக்கு முன்னாடியே தரங்கம்பாடியில கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்கற பாதிரியார் பெர்லின்ல இருந்த பிளாக்குக்கு மீன் அனுப்பினாரு. 1793-ல பிளாக் ஒரு கத்தாழை மீனுக்கு 'ஜானியஸ் கறுத்தா'ன்னு பேரு வச்சாரு. ஜானியஸ் பாதிரியாரு பேரு. கறுத்தா? நம்ம 'கறுத்த கத்தாழை'தான். மீனைப் பிடிச்சுக் குடுத்து, அதோட பேரையும் சொல்லிக் குடுத்த ஆளோட பேரு எங்கயும் இல்ல. அவரு சொன்ன சொல்லு மட்டும் உலகம் பூரா லத்தீன்ல இருக்கு.

இப்போ மேசைக்கு வருவோம்.

முதல்ல இது அசல் பழசான்னு பாக்கணும். வடக்கே மொராதாபாத், ரூர்க்கி பக்கம் பித்தளைத் தொலைநோக்கி, செக்ஸ்டண்ட் எல்லாம் 'பழங்காலச் சாமான்' மாதிரியே செஞ்சு விக்கிறாங்க. புதுச்சேரி கடைகள்லயும் பாக்கலாம். ரீல் மட்டும் செய்யத் தெரியாதா என்ன? போலியில களிம்பு ஒரே சீரா, பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். தேய்மானம் இருக்க வேண்டிய இடத்துல இருக்காது. இந்த ரீல்ல நூல் வெளிய போற பக்கத்துத் தூண்ல மட்டும் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. மணல் ஒட்டின நூல் வருஷக் கணக்கா உரசினாத்தான் அப்படி ஆகும். அச்சு ஒருபக்கமாத் தேஞ்சிருக்கு. உள்மூலையில பச்சை, வெளியில பழுப்பு. இது வேலை செஞ்ச ரீல். அதுல சந்தேகமில்ல.

வயசு? இங்கதான் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாத்தம். கைப்பிடி, தனிக் கம்பியில இல்லாம வட்டத் தட்டுலயே பொருத்தியிருக்கு. இந்த அமைப்பு 19-ஆம் நூற்றாண்டு நடுவுல பரவினது. ஆனா இதே மாதிரி சாதாரணப் பித்தளை ரீலை இங்கிலாந்துல பர்மிங்காம், ரெட்டிச் பட்டறைகள் 20-ஆம் நூற்றாண்டுலயும் வெகுகாலம் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. மொத்தமா வாங்குற கடைக்காரர் தன் பேரைக் குத்திக்குவாரு. இதுல எந்தப் பேரும் இல்ல. அதனால யாராவது "1860, பிரெஞ்சு கவர்னரோடது"ன்னு சொல்லி விக்க வந்தா நம்பாதீங்க. அந்தக் காலத்து ரீல்களிலேயே மலிவான ரகம் இது. பெரிய துரை பெட்டியில வெல்வெட் மேல வச்சுக் கொண்டுவர்ற சாமான் இல்ல.

ஆனா உள்ள திறந்தப்போ எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

இந்த மாதிரி ரீலுக்குள்ள ஒரு எஃகு ஸ்பிரிங்கும் ஒரு நாக்கும் இருக்கும். நூல் ஓடும்போது கிரிக் கிரிக்குனு சத்தம் போட்டு உருளையைக் கொஞ்சம் தடுக்கும். ஆத்து மீனுக்கு அது போதும். இந்த ரீல்ல அது ரெண்டும் இல்ல. துருப்பிடிச்சு உதிர்ந்திருந்தா துரு கறை, மிச்சம் மீதி இருக்கணும். அதுவும் இல்ல. யாரோ கழட்டி எடுத்திருக்காங்க. கழட்டின திருகாணி ஓட்டையை ஈயம் ஊத்தி அடைச்சு, அரத்தால மட்டமா ராவியிருக்காங்க. ஈயம்! தூண்டில் குண்டு வார்க்குறவங்க வீட்ல எப்பவும் இருக்குற பொருள். கைப்பிடிக் குமிழும் அசல் இல்ல. நாட்டு மரத்துல செதுக்கினது, பிடிச்சுப் பிடிச்சுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கு. பக்கத் தட்டுல ஒரு திருகாணிக்குப் பதிலா செம்புக் கம்பியை அடிச்சு மடக்கியிருக்காங்க. எஃகுன்னு ஒண்ணுகூட இந்த ரீல்ல மிச்சமில்ல.

அதாவது, ஒரு நல்ல தண்ணி ரீலை எடுத்து, உப்பு தின்னுற பாகத்தையெல்லாம் ஒவ்வொண்ணா நீக்கி, தடுப்பைக் கழட்டி, விரலாலயே அடக்குற மாதிரி மாத்தியிருக்காரு ஒரு ஆளு. ஸ்கார்பரோ ரீலும் அப்படித்தான் இருக்கும், உள்ள தடுப்பு கிடையாது, கைதான் தடுப்பு. அங்க பட்டறையில போய்ச் சேர்ந்த முடிவுக்கு இங்க ஒருத்தர் வீட்டுத் திண்ணையில அரத்தையும் ஈயத்தையும் வச்சே வந்திருக்காரு. கைத்தூண்டில் போட்ட விரலுக்குத் தடுப்பு எங்க இருக்கணும்னு ஏற்கெனவே தெரியும்.

அண்ணன்கிட்ட இதைத்தான் சொன்னேன். குடுத்ததா எடுத்ததாங்கற ரெண்டே வழியைத்தான் எல்லாரும் பேசுறாங்க. ரெண்டுலயும் சாமான் துரையோடது. உங்க தாத்தா கை நீட்டி வாங்கணும், இல்லன்னா திருடணும். மூணாவது ஒண்ணு ஏன் யாருக்கும் தோணல? காசு குடுத்து வாங்கியிருக்கக் கூடாதா? வேலை முடிஞ்சு ஊருக்குப் போற வெள்ளைக்காரங்க வீட்டுச் சாமானை ஏலம் போட்டுட்டுப் போறது அன்னைக்கு வழக்கம். சென்னையில மூர் மார்க்கெட் 1900-ல வந்துச்சு, பழைய சாமானுக்குப் பேர் போன இடம். புதுச்சேரியில இருந்து சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போன குடும்பங்கள் எத்தனை! போனவங்க பெட்டி நிறைய சாமான் கொண்டுவந்தாங்க. மலிவான ரீல், பேரு இல்லாத ரீல். துடுப்பு போட்ட ஒருத்தர் வேணும்னு நினைச்சு வாங்கக்கூடிய விலைதான் இருந்திருக்கும். இதுதான் நடந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணல. ஆனா இரவல் சாமானையோ திருட்டுச் சாமானையோ ஒளிச்சு வைப்பாங்க, இல்லன்னா காட்சிக்கு வைப்பாங்க. இப்படி உள்ளுக்குள்ள திறந்து, தன் கைக்குத் தகுந்த மாதிரி மாத்தி, தூண் தேயுற வரைக்கும் வேலை வாங்க மாட்டாங்க. இது சொந்தச் சாமான்னு நினைச்சவரோட ரீல்.

அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "இப்பவும் இதுல மீன் பிடிக்கலாமா?"ன்னு கேட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனோம். அரியாங்குப்பம் ஆத்தங்கரை, ஏத்தம் ஆரம்பிச்ச நேரம். ஒரு மூங்கில் கழியில ரீலை வச்சுக் கயித்தால கட்டினோம். நைலான் போட எனக்கு மனசில்ல, அது இறுகி உருளையை நெரிக்கும். கெட்டிப் பருத்தி நூல்தான் போட்டோம். முதல் வீச்சுல உருளை நிக்காம சுத்தி நூல் மொத்தமும் குருவிக்கூடு. ரெண்டாவது வீச்சுல கைப்பிடி என் விரல் முட்டியில அடிச்சுச்சு, இன்னும் நீலமா இருக்கு. பக்கத்துல புது ஸ்பின்னிங் ரீலோட நின்ன ரெண்டு பசங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் அண்ணன் கழியை வாங்கி, வலது கட்டைவிரலை உருளை ஓரத்துல வச்சு மெதுவா விட்டாரு. யாரும் சொல்லிக் குடுக்கல. நூல் சிக்காமப் போச்சு. இருட்டுறதுக்குள்ள ஒரு கிழங்கான், விரல் நீளம்தான்.

மறுநாள் காலையில போன் பண்ணாரு. "ரீலை நல்ல தண்ணியில அலசினீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டேன்.

"அலசிக் காய வச்சாச்சு சார். அம்மா புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சு வைக்கட்டுமான்னு கேக்குறாங்க."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க."